வேலூர் வெயில் வேற, டெத் வேலி வெயில் வேற

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

கோடை லீவு வந்தா அமெரிக்காவுல இருக்கற பிள்ளைங்களைப் பாக்க நம்ம ஊர்ல இருந்து நிறைய அப்பா அம்மாங்க கிளம்புறாங்க, போன எடத்துல பிள்ளைங்க காரை எடுத்துக்கிட்டு லாஸ் வேகாஸ், கலிபோர்னியா பாலைவனத்துல இருக்கற டெத் வேலி நேஷனல் பார்க், ஸயான், கிராண்ட் கேன்யன்னு ஒரு சுத்து கூட்டிட்டுப் போறதும் வழக்கமாயிடுச்சு. போன வருஷம் ஜூன்ல நாங்களும் அப்படித்தான் போனோம். அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன், தயவு செஞ்சு போடுங்க.

நான் வேலூர்க்காரன். 42, 43 டிகிரி எங்களுக்குப் பழகிப்போனது. தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்கப்பான்னு பையன் சொன்னப்போ, நான் பாக்காத வெயிலாடான்னு கேட்டுட்டேன். டெத் வேலியில பேட்வாட்டர்னு ஒரு எடம், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழ. கடல் மட்டம் இதுதான்னு மலைமேல போர்டு வெச்சிருக்காங்க, அண்ணாந்து பாக்கணும். தரை பூரா வெள்ளை வெளேர்னு உப்பு, மரக்காணம் உப்பளம் மாதிரி. கால் மணி நேரம் கூட நடந்திருக்க மாட்டோம், உடம்புல ஒரு சொட்டு வேர்வை தெரியல. அதுதான் சார் ஏமாத்துது. நம்ம ஊர்ல வேர்த்து ஊத்தும், சட்டை நனையும், தன்னால தண்ணி தேடுவோம். அங்க காத்து அப்படிக் காய்ஞ்சு கெடக்கு, வேர்வை வந்த வேகத்துல ஆவியாயிடுது, உடம்புல இருந்து தண்ணி போறதே தெரியாது. கார்கிட்ட வந்து பாத்தா வீட்டம்மா ஜாக்கெட் முதுகுல உப்பு கோடு கோடா பூத்திருக்கு, பேச்சு குழறுது. ஏசியைப் போட்டு, ஈரத்துண்டை கழுத்துல சுத்தி, ஓஆர்எஸ் கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா குடுத்து, அவங்க தெளியுறதுக்குள்ள எனக்கு உசிரே போயிடுச்சு.

1913 ஜூலை 10ல 56.7 டிகிரி பதிவான எடம் அது. 2024 ஜூலைல பெல்ஜியம் டூரிஸ்ட் ஒருத்தர் அங்க மணல்மேட்டுல நடக்கறப்போ செருப்பைத் தொலைச்சுட்டு உள்ளங்கால் வெந்துபோச்சு, காத்து சூடாகி லேசாயிட்டதால ஹெலிகாப்டரால அங்க இறங்க முடியல, ஆம்புலன்ஸ்ல மேடான எடத்துக்குக் கொண்டு போய்த்தான் ஏத்துனாங்க. 1996ல ஜெர்மனில இருந்து வந்த நாலு பேர், அதுல ரெண்டு பேர் குழந்தைங்க, வேன்ல மண்ரோட்டுல போய் காணாமப் போனாங்க. டயர் போன வேன் அந்த வருஷமே கெடைச்சுது, எலும்பு கெடைச்சது 2009ல.

டெத் வேலி பார்க்ல பெரும்பாலான எடத்துல செல்போன் சிக்னலே கெடையாது, அதனால மேப் காட்டுதேன்னு தார்ரோட்டை விட்டு எறங்காதீங்க. வண்டி நின்னுட்டா வண்டிகிட்டயே இருங்க, நடந்து போய் ஆள் கூட்டிட்டு வரேன்னு கிளம்பாதீங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணியாவது வண்டில இருக்கணும். கோடையில பத்து மணிக்கு மேல கீழ்ப்பகுதியில நடக்காதீங்கன்னு பார்க்காரங்களே சொல்றாங்க. செருப்பு வேணாம், ஷூ போடுங்க. 2026ல இருந்து ஸயான், கிராண்ட் கேன்யன் மாதிரி 11 பார்க்ல வெளிநாட்டுக்காரங்களுக்கு தலைக்கு 100 டாலர் கூடுதலா வாங்குறாங்க, குடுத்த காசுக்கு எல்லாத்தையும் பாத்துடணும்னு தோணத்தான் செய்யும், அதுக்காக மத்தியான வெயில்ல பெரியவங்களை எறக்கி நடக்க விடாதீங்க.

அங்க இருக்கற பிள்ளைங்களுக்கும் சொல்றேன், அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடறப்போ முடிஞ்சா நவம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள போடுங்கப்பா. லீவு கெடைக்கல, ஜூன்லதான் முடியும்னா டெத் வேலியை மட்டும் விட்டுடுங்க.

இப்படிக்கு,
ரிட்டையர்டு ஆசிரியர் ஒருத்தர்,
வேலூர்.