சிவப்புத் திருகைத் தொட்டாயா?

நார்த் வான்கூவர், கனடா,
நவம்பர் 12

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஐம்பது தாண்டி, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே ஃபுல் சஸ்பென்ஷன், அதாவது முன்னும் பின்னும் அதிர்வுதாங்கி உள்ள, மலைச் சைக்கிள் வாங்கியிருக்கிறாய், அதுவும் பெங்களூரில் யாரோ ஓட்டிக் கழித்ததை. வீட்டில் என்ன சொன்னார்கள் என்று நீ எழுதவில்லை. எழுதாததிலிருந்தே தெரிகிறது.

இங்கே எல்லாரும் நலம். சின்னவள் படிக்க விக்டோரியா போய்விட்டாள், வீடு அமைதியாக இருக்கிறது. மழை பிடித்துவிட்டது. இந்த மலைச்சரிவில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். பெரும்பங்கு அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள். வேரும் பாறையும் மரப்பலகைப் பாலமும் நனைந்து வழுக்குகிற அந்த மழையிலும் ஃப்ராம் மலையில் சைக்கிள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் சனிக்கிழமைகளில் நான் கைவேலைக்குப் போகிற பட்டறைக்கும் ஓய்வில்லை. நீ கேட்டிருப்பதற்கு அங்கே கண்டதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கல்லில் ஏறி இறங்கினால் பின்பக்கம் உதைத்துத் தூக்கிப் போடுகிறது, ஷாக் போய்விட்டதா என்று கேட்டாய். போயிருக்காது. விற்றவர் ஒல்லியான பையன் என்று நீயே எழுதியிருக்கிறாய். நீ உட்கார்ந்ததும் பின்பக்கம் தொப்பென்று அமுங்கியிருக்கும், 240 பி.எஸ்.ஐ. வரை காற்றை ஏற்றிவிட்டாய். சரி, ஷாக்கின் ஓரத்தில் இருக்கும் சிவப்புத் திருகைத் தொட்டாயா?

ஏர் ஷாக்கில் காற்றுதான் ஸ்பிரிங். அமுங்கியது எந்த வேகத்தில் திரும்பி நீள வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் எண்ணெய் தீர்மானிக்கிறது. அதற்கான திருகுதான் அந்தச் சிவப்பு, ரீபவுண்ட். காற்றைக் கூட்டினால் ஸ்பிரிங் திரும்பும் விசையும் கூடும். அந்தப் பையனின் எடைக்கு வைத்த ரீபவுண்ட் அந்த விசையைப் பிடித்துவைக்காது, சீட்டோடு சேர்த்து உன்னை மேலே எறியும். அதைவிட எனக்குக் கவலை வேறு. அவ்வளவு காற்றில் வண்டியின் பின்பக்கம் உயர்ந்து, முன்பக்கம் தாழ்ந்து நிற்கும். சமதரையில் தெரியாது. செங்குத்தான இறக்கத்தில் முன் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் ஹேண்டில்பாருக்கு மேலே போய்விடுவாய்.

அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து வைத்துக்கொள். நீ எப்படி ஓட்டுவாயோ அப்படியே கிளம்பு: ஹெல்மெட், ஷூ, தண்ணீர் நிரப்பிய பை. அதோடு 85 கிலோ என்று வை. பவுண்டில் 187. ஷாக்குக்குத் தொடக்கமாக ஏறக்குறைய அதே எண்ணில் காற்று வைப்பது பழக்கம். ஷாக்கின் மேல் பொறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டாதே. பெட்ரோல் பங்க் காற்று இதற்கு ஆகாது. அழுத்தம் அதிகம், உள்ளே இடம் கொஞ்சம், ஷாக் பம்ப் மட்டும்தான் சரிப்படும். கொஞ்சம் ஏற்றியதும் நிறுத்தி, சீட்டைப் பிடித்துப் பத்துத் தடவை அமுக்கி விடு. உள்ளே இரண்டு அறை இருக்கிறது, அவற்றில் அழுத்தம் சமமாக வேண்டும். இந்த வேலையைப் பலர் செய்வதே இல்லை.

பிறகு ஷாக்கின் பளபளப்பான தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தை, தண்டு உள்ளே நுழையும் வாயில் இருக்கும் சீல் வரை தள்ளிவிடு. ஷாக்கை அமுங்கவிடாமல் பூட்டும் லாக்கவுட் நெம்புகோல் திறந்த பக்கம் இருக்கிறதா பார். சுவரில் ஒரு கை ஊன்றி, பெடலில் இரண்டு காலும் சமமாக வைத்து, இறக்கத்தில் நிற்கிற மாதிரி நின்றுகொள். குதிக்காமல், மெதுவாக இறங்கு. வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து பார். உன் ஷாக்கின் ஓட்டம், அதாவது அது முழுக்க அமுங்கும் தூரம், 55 மி.மீ. என்று எழுதியிருந்தாய், அதில் 25 முதல் 30 சதவீதம், அதாவது 14 முதல் 16 மி.மீ. அமுங்க வேண்டும். குறைவாக அமுங்கினால் காற்றைக் குறை, அதிகமானால் கூட்டு. இந்த அமுங்கலைத்தான் சேக் என்கிறார்கள். பள்ளத்தில் சக்கரம் கீழே போய் மண்ணைப் பிடிக்க இதுதான் இடம் கொடுக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கு 20 சதவீதம் போதும், 150 மி.மீ. ஃபோர்க்கானால் 30 மி.மீ.

ஒரு விஷயத்தில் ஏமாறாதே. பம்பை மறுபடி மாட்டினால் முள் குறைவாகக் காட்டும். காற்று கசியவில்லை, பம்பின் குழாயை நிரப்பக் கொஞ்சம் போகிறது. கழற்றும்போது உஸ்ஸென்று வருவதும் பெரும்பாலும் குழாயில் இருந்த காற்றுதான்.

காற்று சரியான பிறகுதான் சிவப்புத் திருகு. அது நிற்கும் வரை மூடி, அங்கிருந்து டிக் டிக்கென்று எண்ணித் திறந்து பாதிக்குக் கொண்டு வா. தெருவில் நடைமேடை விளிம்பிலிருந்து உட்கார்ந்தபடியே இறங்கு. பின்பக்கம் அமுங்கி எழுந்து, ஒரே தடவை லேசாகத் தாண்டி நிலைக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை துள்ளினால் இன்னும் மூடு. மூடிக்கொண்டே போகவும் கூடாது. அடுத்தடுத்து கல் வரும்போது ஷாக் நீண்டு முடிப்பதற்குள் அடுத்த அடி விழும். அது கீழேயே தங்கி, கடைசியில் கல்லாகிவிடும். எண்ணிய டிக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள். ஒரு ஓட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டைத் திருகினால் எதனால் சரியானது என்று தெரியாது.

நீ கோவையில் இருந்து காரில் ஏற்றிக்கொண்டு ஊட்டி போவதாக எழுதியதால் இதைச் சொல்கிறேன். கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேல், ஊட்டி 2240. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயரில் இருக்கும் காற்று ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. அதிகமாக இருப்பதுபோல நடந்துகொள்ளும். ஆனால் கீழே 33 டிகிரி, மேலே 18 டிகிரி என்றால் குளிர் அதில் 2 பி.எஸ்.ஐ. போலத் தின்றுவிடும். மிச்சம் ஒன்று கூடும். 24 வைத்த டயர் 25 ஆகும், உனக்குத் தெரியாது. ஷாக்கில் கதை தலைகீழ். அங்கே இருப்பது 190 போல. குளிரால் அதில் பத்துப் போகும், உயரம் 3 மட்டும் திருப்பிக் கொடுக்கும், ஆக ஆறேழு குறையும். ஒரே பயணத்தில் டயர் இறுகும், ஷாக் தளரும்! அதனால் வீட்டு வாசலில் வைத்த அளவை நம்பாமல், காரிலிருந்து இறக்கி அரை மணி நேரம் நிழலில் விட்டுவிட்டு அங்கே பார். ட்யூப்லெஸ் டயர் என்றாயே, ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் சீலன்ட் கோவை வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வால்வின் உள்தண்டைக் கழற்றி, மெல்லிய குச்சி விட்டுப் பார்.

இனி அந்த வண்டியில் எனக்குள்ள உண்மையான பயம். சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளில் எது தளர்ந்தாலும் உன் கையிலும் இடுப்பிலும் உடனே தெரியும். இதில் எல்லாவற்றையும் ஷாக் விழுங்கிக்கொள்கிறது. உனக்குச் சுகமாக இருக்கும், வேகமும் தெரியாது, கழன்றுகொண்டிருக்கும் போல்ட்டும் தெரியாது. அதனால் கண்ணாலும் கையாலும்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

பின்பக்கச் சட்டம் கூடுகிற இடங்களில் எல்லாம் சின்னப் பேரிங்குகள் இருக்கின்றன. வண்டியை நிறுத்தி, சீட்டின் பின்னால் பிடித்து, சக்கரம் தரையை விடுவதா வேண்டாமா என்கிற அளவுக்கு மெல்லத் தூக்கி இறக்கு. டொக்கென்று ஒரு சின்ன ஆட்டம் வந்தால், இன்னொரு கையின் விரலை ஒவ்வொரு மூட்டிலும் வைத்துக்கொண்டு மறுபடி தூக்கு. எந்த மூட்டில் ஆடுகிறதோ விரல் சொல்லும். பல நேரம் பேரிங்காக இருக்காது, ஷாக்கின் கண்ணில், அதாவது போல்ட் நுழையும் துளையில், இருக்கும் புஷ் தேய்ந்திருக்கும்; அது மலிவு. இன்னும் தீர்க்கமாகத் தெரிய வேண்டுமானால் ஷாக்கின் ஒரு பக்கப் போல்ட்டைக் கழற்றி, பின்சட்டத்தைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார். வழவழவென்று போக வேண்டும். நறநறவென்றால் பேரிங் போய்விட்டது. போல்ட்டைத் திரும்ப இறுக்கும்போது கைக் கணக்கு வேண்டாம். எத்தனை நியூட்டன் மீட்டர் என்று போல்ட்டின் தலையிலோ தயாரிப்பாளரின் கையேட்டிலோ இருக்கும். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் நசுங்கும், அலுமினியத்தில் மரை போகும்.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான ஹெட்செட்டையும் பார்த்துவிடு. ஆட்டம் இருந்தால், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டுப் போல்ட்டுகளைத் தளர்த்திய பிறகே மேல் மூடியை இறுக்க வேண்டும். இறுகியிருக்கும் ஸ்டெம்மோடு மூடியைத் திருகி மல்லுக்கட்டுபவர்கள் இங்கேயும் நிறைய.

வாங்கிய கையோடு வண்டியைக் கழுவித் துடைத்து, டார்ச் அடித்து, சட்டத்தின் முன்குழாயான ஹெட் ட்யூபுக்குக் கீழே இருக்கும் வெல்டிங், ஷாக் மாட்டும் இடம், மூட்டுகளைச் சுற்றிய இடம், சீட்டைத் தாங்கும் குழாயின் அடி எல்லாம் பார்த்தாயா? மயிரிழைக் கீறலை நகத்தால் குறுக்கே வருடு. நகம் மாட்டினால் பெயின்ட் கீறலாகவும் இருக்கலாம், விரிசலாகவும் இருக்கலாம். தெரிந்தவர் பார்க்கும்வரை ஓட்டாதே. கழுவுவது என்றதும் நினைவு வருகிறது. தெருமுனை வாட்டர் சர்வீஸில் கொடுத்துவிடாதே. அந்தப் பீச்சு பேரிங்கின் கிரீஸை வெளியே தள்ளி, ஃபோர்க் சீலுக்குள் மண்ணை ஏற்றிவிடும். வாளித் தண்ணீரும் பிரஷும் போதும்.

அப்புறம் பிரேக். லீவர் ஹேண்டில்பார் வரை வந்து முட்டுகிறது என்றால் பெரும்பாலும் குழாயில் காற்று இருக்கிறது, எண்ணெய் மாற்ற வேண்டும். எந்த எண்ணெய் என்று லீவரிலேயே போட்டிருக்கும். பிரேக் ஷிமானோ கம்பெனியுடையது என்றால் மினரல் ஆயில். ஸ்ராம் கம்பெனி பிரேக்குகளில் பலவற்றுக்கு டாட் (DOT) என்கிற வேறு வகைத் திரவம், சில புதியவற்றுக்கு மினரல். நம்ம ஊர் டூவீலர் கடையில் பிரேக் ஆயில் என்று கேட்டால் கொடுப்பது டாட்தான். அதை ஷிமானோவில் ஊற்றினால் உள்ளே ரப்பர் ஊதிக் கெட்டுவிடும், ஒரு இறக்கத்தின் நடுவில் பிரேக் இல்லாமல் போகும். இந்த ஒன்றில் மெக்கானிக் எவ்வளவு அடித்துச் சொன்னாலும் கேட்காதே. பிரேக் பிடிக்கிற வட்டத் தகடான ரோட்டர் எவ்வளவு வரை தேயலாம் என்று அதன் மேலேயே பொறித்திருக்கும், 1.5 மி.மீ. என்பது ஷிமானோவில் பரவலான அளவு. நீண்ட இறக்கத்தில் லேசாகப் பிடித்தபடியே வராதே. அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறை, முழுக்க விடு, மறுபடி பிடி. 1976இல் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் பழைய கனத்த சைக்கிள்களை மலைச்சாலையில் விட்டுப் பந்தயம் ஓட்டியவர்களுக்கு ஒரே இறக்கத்தில், பிரேக்கை உள்ளேயே வைத்திருந்த பின் ஹப்பின் கிரீஸ் புகைந்து போய்விடும், பிரித்துப் புதிதாக அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். டிஸ்க் வந்ததால் சூடு எங்கேயும் போய்விடவில்லை. கீழே இறங்கியதும் ரோட்டரைத் தொட்டுப் பார்க்காதே.

சர்வீஸ் மணிக்கணக்கில் போகிறது. 50 மணி நேரம் ஓடினால் ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றுவது ஃபோர்க் தயாரிக்கும் ராக்‌ஷாக்ஸ் சொல்லும் கணக்கு. அதை நீ வீட்டிலேயே செய்யலாம், உனக்குக் கை வரும். ஷாக்கின் உள்ளே எண்ணெய் இருக்கும் பகுதியான டேம்பரைத் தொடாதே. பலவற்றில் அழுத்தமான நைட்ரஜன் இருக்கிறது. எதைப் பிரிப்பதானாலும் முதலில் காற்றை முழுக்க வெளியேற்று. முக்கியமாக, ஷாக் அமுங்கியபடியே திரும்ப எழாமல் நின்றுவிட்டால் அதைத் திறக்கவே கூடாது. முள் பூஜ்யம் காட்டினாலும் உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கும், திறந்தால் முகத்தில் பாயும். அப்படியே சர்வீஸுக்கு அனுப்பு. கலர் கலராகப் பெடலும் கிரிப்பும் வாங்குகிற பணத்தை முதல் வருஷம் இதில் போடு. புதுப் பார்ட் மாட்டுவதை மராமத்து என்று நினைக்கிற வியாதி உலகம் முழுக்க இருக்கிறது.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதே. எஸ்டேட் வழியானால் கேட்டுவிட்டுப் போ. விடியற்காலையும் மாலை மங்கலும் காட்டெருமையின் நேரம். சத்தமில்லாமல் வளைவில் திரும்புகிற சைக்கிள் அதற்குத் திடீரென்று முளைத்த எதிரி.

மச்சான் ஜனவரி முதல் வாரம் கோவை வருகிறார். எவ்வளவு இறுகுகிறது என்று காட்டும் டார்க் ரென்ச் ஒன்றை அவர் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். சீல் கிட்டும் சேர்த்து வாங்கிவிடுவேன், ஆனால் ஃபோர்க்கின் மாடல் எண் வேண்டும். இரண்டு காலும் மேலே சேரும் கிரவுனின் பின்புறமோ காலின் கீழேயோ இருக்கும், படம் எடுத்து அனுப்பு. ஷாக்கின் மேல் இருக்கும் எழுத்தையும் சேர்த்து எடு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து பார்வை எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை ஒழுங்காக விடுகிறார்களா? அவர் கையால் எழுதிய நான்கு வரி உன் கடிதத்தில் இல்லாததால் கேட்கிறேன். காற்றை 190க்கு இறக்கிவிட்டு, எத்தனை மி.மீ. அமுங்கியது, எத்தனை டிக் என்று உடனே எழுது.

அன்புடன்,
ரவி