எந்த ஊரில் தங்கப் போகிறீர்கள், லலிதா?

குமுளி
ஐப்பசி 12

அன்புள்ள லலிதா,

சித்தூரிலிருந்து நீ போட்ட கடிதம் திங்கள்கிழமை கிடைத்தது. அண்ணன் ஓய்வு பெற்றதும் முரளிக்குப் புது வேலை கிடைத்ததும் ஒரே மாதத்தில் என்று படித்தபோது மனசு நிறைந்தது. இங்கே மழை விட்டபாடில்லை. ஏலக்காய் எடுப்பு நடக்கிறது. விடியும் முன்பே கம்பத்திலிருந்து ஜீப்புகள் மலையேறி வந்துவிடுகின்றன. கார்த்திகை பிறந்து மாலை போட்டவர்கள் வரத் தொடங்கினால் இந்த ஊரில் நடக்க இடம் இருக்காது.

கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தாயே, பெரிய ஹோட்டல்களின் உறுப்பினர் திட்டத்தில் சேர்ந்து, பின்னால் வாடகைக்குப் பதிலாகக் கொடுக்கிற பாயிண்ட் சேர்ப்பதா, தள்ளுபடி காட்டும் புக்கிங் சைட்டில் எடுப்பதா என்று. ஒரு தாளை எடுத்து, வருகிற வருஷத்தில் உங்கள் வீட்டில் யார், எந்த ஊரில், எத்தனை ராத்திரி தங்குவார்கள், அதற்குப் பணம் யார் தருவார்கள் என்று எழுது. பாதி பதில் அதிலேயே வந்துவிடும். முரளிக்கு ஒரு வழி, உனக்கும் அண்ணனுக்கும் வேறு வழி என்பதுதான் என் எண்ணம்.

முதலில் முரளி. மாதம் எட்டு ராத்திரி கொச்சி, பெங்களூர், கோயம்புத்தூர், மதுரை என்று அலைகிறான், வாடகை கம்பெனியுடையது. இந்த நாலு ஊரிலும் மேரியட் என்ற பெரிய ஹோட்டல் நிறுவனத்தின் ஹோட்டல் இருக்கிறது. அவன் கட்டாயம் உறுப்பினர் ஆகட்டும், சேரக் காசு கிடையாது. அவர்களுடைய பெரும்பாலான பிராண்டுகளில் ஒரு டாலர் வாடகைக்கு 10 பாயிண்ட், வரியைச் சேர்க்காமல். கணக்குக்காக ஒரு டாலர் 85 ரூபாய் என்று வை. 8,500 ரூபாய் ரூமுக்கு 1,000 பாயிண்ட். வருஷம் 96 ராத்திரிக்கு 96,000.

அந்தப் பாயிண்ட் எத்தனை பைசா பெறும் என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள், நாம்தான் போட வேண்டும். எடுக்க நினைக்கும் ரூமின் விலையை வரியோடு பார், அதே ரூமுக்குக் கேட்கும் பாயிண்டால் வகு. 9,000 ரூபாய் ரூமுக்கு 15,000 பாயிண்ட் கேட்டால் ஒரு பாயிண்ட் 60 பைசா. 8,500 செலவில் 600 ரூபாய் திரும்புகிறது, அதாவது 7 சதவீதம். 40 பைசாதான் வருகிறது என்றால் காசு கொடுத்துத் தங்கிவிட்டுப் பாயிண்டை வேறு தேதிக்கு வைத்துக்கொள்வது மேல். மேரியட்டில் 2022-இலிருந்து நிலையான பாயிண்ட் அட்டவணை கிடையாது. வாடகை ஏறும் நாளில் பாயிண்டும் ஏறும். அதனால் சேர்த்துக் குவித்து வைப்பதில் பலன் இல்லை. ஒரே ஹோட்டலில் ஐந்து ராத்திரி சேர்த்துப் பாயிண்டில் எடுத்தால் நாலுக்குத்தான் கழிப்பார்கள். குடும்பத்தோடு ஒரு பயணம் போக அதுவே நல்ல வழி.

பாயிண்டைவிட அவனுக்கு உதவப்போவது தகுதிப் படிகள். வருஷத்தில் 10 ராத்திரிக்கு சில்வர், 25-க்கு கோல்டு, 50-க்கு பிளாட்டினம். பிளாட்டினம் ஆனால் பல பிராண்டுகளில் காலை உணவு சேரும், சாயங்காலம் நாலு மணி வரை ரூமை வைத்துக்கொள்ளக் கேட்கலாம். ராத்திரி வண்டியில் திரும்புகிறவனுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று யோசித்துப் பார்.

இங்கே பலருக்குத் தவறுகிற இடம் ஒன்று உண்டு. கம்பெனியின் டிராவல் டெஸ்க் புக்கிங் சைட் வழியாக எடுத்தால் பாயிண்டும் வராது, ராத்திரிக் கணக்கும் ஏறாது. கம்பெனிக்கென்று பேசிய விலையில், ஹோட்டலின் சொந்த வழியில், இவன் உறுப்பினர் எண்ணைப் போட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். ரூம் சாவி வாங்கும்போது எண் ஏறியிருக்கிறதா என்று கேட்கட்டும். பில்லைக் கிழித்துப் போட வேண்டாம்; பாயிண்ட் வரவில்லை என்று எழுதினால் அந்த பில்லைத்தான் கேட்பார்கள்.

ஒரே நிறுவனத்தில் நிற்கச் சொல். நாலு இடத்தில் இரண்டாயிரம் இரண்டாயிரமாகச் சிதறினால் எதுவும் ஆகாது, கெடுவும் தீர்ந்துவிடும். மேரியட்டில் 24 மாதம் எந்த அசைவும் இல்லாவிட்டால் பாயிண்ட் போய்விடும். அக்கோர் என்ற இன்னொரு ஹோட்டல் நிறுவனத்தில் 365 நாள்தான். ஆனால் அக்கோரில் கணக்கு நேரானது: 2,000 பாயிண்ட் கொடுத்தால் பில்லில் 40 யூரோ கழியும். தாஜ் என்றால் டாடாவின் செயலியான டாடா நியூவில் நியூகாயின் வரும், ஒரு காயின் ஒரு ரூபாய். இந்த இரண்டிலும் வகுத்துப் பார்க்கிற வேலை இல்லை.

சைட்டில் விலை குறைவாகத் தெரிந்தால் பெரிய நிறுவனங்களிடம் ‘எங்கள் விலைதான் குறைவு’ என்ற உத்தரவாதம் உண்டு. மேரியட்டில், எடுத்த 24 மணி நேரத்துக்குள் விண்ணப்பித்து அவர்கள் ஒப்புக்கொண்டால் அந்தக் குறைந்த விலைக்கு வருவார்கள்; அதன்மேல் 25 சதவீதம் கழிவோ 5,000 பாயிண்டோ தருவார்கள். பெரும்பாலான விண்ணப்பத்தை அவர்கள் ஏற்காமல் போவது மூன்று காரணத்தால்: ரூம் வகை ஒன்றாக இருக்காது, ரத்து விதி ஒன்றாக இருக்காது, அல்லது அந்தக் குறைந்த விலை லாகின் செய்தவருக்கு மட்டும் தெரிகிற விலையாக இருக்கும்.

இனி உன் விஷயம். நீயும் அண்ணனும் எழுதியிருக்கும் ஊர்கள் தேக்கடி, குருவாயூர், மலம்புழா, ஹார்ஸ்லி ஹில்ஸ். வருஷம் மொத்தம் பத்து ராத்திரி. இந்த ஊர்களில் நீங்கள் தங்கப்போவது குடும்பமாக நடத்தும் லாட்ஜிலும் அரசு விடுதியிலும்தான். பாயிண்டுக்காகத் திருப்பதியில் கீழே தாஜில் ஒரு ராத்திரி என்று திட்டம் போடாதே. மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு கூடும்.

இப்படிப்பட்ட ஊருக்கு சைட் நல்ல வழிகாட்டி. மேப்பில் இடம் தெரியும், கடைசி மூன்று மாதத்தில் தங்கியவர்கள் எழுதியதைப் படிக்கலாம். புக்கிங் டாட் காமில் கணக்குத் தொடங்கினாலே அவர்களுடைய ஜீனியஸ் என்ற தள்ளுபடித் திட்டத்தின் முதல் படியில் 10 சதவீதம் கழியும், இரண்டு வருஷத்துக்குள் ஐந்து முறை தங்கினால் அடுத்த படி. எல்லா ஹோட்டலிலும் கிடையாது, சேர்ந்தவர்களிடம் மட்டும்.

ஆனால் அந்த விலையிலிருந்து சைட்டுக்கு ஹோட்டல்காரர் 15 முதல் 25 சதவீதம் வரை கமிஷன் கொடுக்கிறார். 3,000 ரூபாய் ரூமில் 20 சதவீதம் போனால் அவர் கைக்கு 2,400. நீ நேராகக் கூப்பிட்டு 2,650-க்குக் கேட்டால் உனக்கு 350 மிச்சம், அவருக்கு 250 கூடுதல். முன்பு சில சைட்டுகள், எங்களைவிடக் குறைத்து வேறு எங்கும் விற்கக் கூடாது என்று ஹோட்டல்களைக் கட்டிப்போட்டிருந்தன. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோ என்ற புக்கிங் நிறுவனத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் போட்டு அந்த நிபந்தனையை எடுக்கச் சொன்னது. அதனால் தைரியமாகக் கேள்.

கேட்கிற முறை இப்படி. நம்பரை ஹோட்டலின் சொந்தப் பக்கத்திலிருந்து எடு. தேடும்போது மேலே வருகிற நம்பரில் போலி உண்டு. காலை பதினொன்றுக்கு மேல், ரூம் காலியாகும் நெரிசல் அடங்கிய பிறகு கூப்பிடு. ரிசர்வேஷன் பார்க்கிறவரையோ மேனேஜரையோ கேட்டு, ‘சைட்டில் வரியோடு இவ்வளவு காட்டுது, நேரா எடுத்தா என்ன தருவீங்க’ என்று சொல். அவர் இபி, சிபி, எம்ஏபி, ஏபி என்பார். இபி என்றால் ரூம் மட்டும். சிபி காலை உணவோடு. எம்ஏபி காலை உணவும் இன்னொரு வேளைச் சாப்பாடும். ஏபி மூன்று வேளையும். பேத்திக்கு எக்ஸ்ட்ரா பெட் உண்டா, எத்தனை வயது வரை இலவசம் என்பதையும் அப்போதே கேட்டுவிடு. சைட்டில் இரண்டு பேர் என்று போட்டு மூன்று பேராகப் போய் நின்றால் கவுண்டரில் சொல்கிற தொகைதான். எல்லாவற்றையும் தேதி, பேர், திட்டம், வரியோடு மொத்தத் தொகை என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கு. அட்வான்ஸ் ஒரு ராத்திரிக்கு மேல் கொடுக்காதே. யூபிஐ-யில் ஹோட்டல் பேர் வருகிறதா என்று பார்த்து அனுப்பு.

நேரில் விலை குறையவில்லையென்றால் சைட்டிலேயே எடு. அப்போதும் ‘ஃப்ரீ கேன்சலேஷன்’ உள்ளதை எடு. ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்காத விலை பார்க்கக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அண்ணனுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் மொத்தமும் போய்விடும். போகிற நாளுக்கு ஒரு வாரம் முன்பு மறுபடி விலை பார். இறங்கியிருந்தால் புதிதாக எடுத்து உறுதியானபின் பழையதை ரத்து செய். வரிசையை மாற்றிவிடாதே. சைட் தருவது அவர்களுடைய நம்பர், ஹோட்டலின் நம்பர் வேறு. மறுநாள் ஹோட்டலுக்குப் பேசி ‘உங்க கன்ஃபர்மேஷன் நம்பர் என்ன’ என்று வாங்கி வை. இருக்கிற ரூமைவிடக் கூடுதலாக ஹோட்டல் புக்கிங் வாங்கிவிட்ட நாளில், சைட்டில் குறைந்த விலைக்கு ஒரே ராத்திரிக்கு வந்தவரைத்தான் முதலில் வேறு இடத்துக்கு அனுப்பப் பார்ப்பார்கள்.

வரி விஷயத்தில் இது மிகவும் முக்கியம், அண்ணனிடமும் காட்டு. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் 18. 7,400 ரூபாய் ரூம் வரியோடு 7,770. 7,600 ரூபாய் ரூம் வரியோடு 8,968. இருநூறு ரூபாய் வித்தியாசம் 1,198 ஆகிறது. சிபி விலை 7,900 என்றால் இபி எவ்வளவு என்று கேள். 7,500 என்ற கோட்டுக்குள் வந்தால் வெளியே இட்லி சாப்பிட்டுக்கொள்ளலாம். ஹோட்டலே விலையைக் குறைத்தால்தான் வரி குறையும். சைட் தன் கையிலிருந்து தரும் கூப்பனால் ஹோட்டலின் வாடகை மாறுவதில்லை, வரியும் மாறாது. கூப்பனில் ‘10 சதவீதம், அதிகபட்சம் இவ்வளவு’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்த உச்சவரம்பைத்தான் பார்க்க வேண்டும். ‘வரிகள், கட்டணங்கள்’ என்ற வரியைத் தொட்டுத் திற. சைட்டின் சேவைக் கட்டணம் அதற்குள் இருக்கும்.

முரளி பின்னால் சொந்தமாகக் கடை தொடங்கினால் ஒன்று தெரிந்துகொள்ளட்டும்: கேரளத்து ஹோட்டல் பில்லில் வருவது கேரளத்தின் வரி. ஆந்திரத்துச் சித்தூரில் பதிவு செய்த கடை, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் அதைக் கழிக்க முடியாது. எல்லை தாண்டி வியாபாரம் செய்கிறவர்கள் பலர் இதைப் பில் கைக்கு வந்தபிறகுதான் கவனிக்கிறார்கள்.

அரசு விடுதிகளுக்கு அவரவர் சொந்தத் தளத்திலேயே பார். கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமான கேடிடிசி-க்குத் தேக்கடியில் ஆரண்ய நிவாஸ், பெரியார் ஹவுஸ், லேக் பேலஸ். மலம்புழாவில் கார்டன் ஹவுஸ். ஹார்ஸ்லி ஹில்ஸில் ஆந்திரச் சுற்றுலாக் கழகத்தின் ஹரிதா. திருமலை ரூமைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உறவுக்காரர்கள் கேட்டால் தேவஸ்தானத்தின் தளத்தைத் தவிர வேறு எதிலும் பணம் கட்டாதே என்று சொல்லிவிடு.

தேக்கடிக்குக் கார்த்திகை முதல் தை பிறக்கும் வரை வராதீர்கள் என்றுதான் சொல்வேன். மண்டல காலத்தில் சாதாரண லாட்ஜ்கூட விலை ஏறும், டிசம்பர் 24, 31-இல் ரிசார்ட்டுகள் ராத்திரி விருந்துக்குத் தனியாகக் கட்டாயக் கட்டணம் வாங்கும். அப்போதுதான் வர முடியும் என்றால், லோயர் கேம்ப் மலைப்பாதையை நம்பி நேரம் கணக்குப் போடாதே. நெரிசலில் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பி விடுவார்கள். ‘வந்து பணம் கட்டுகிறேன்’ என்று எடுத்த ரூமை ஆறு மணிக்கு மேல் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுகிற இடம் உண்டு. கம்பம் தாண்டும்போதே ஒரு போன் போட்டு, எத்தனை மணி ஆனாலும் வருகிறோம் என்று சொல்லிவிடு. கேடிடிசி விடுதி காட்டுக்குள் இருப்பதால் சாயங்காலம் செக்போஸ்ட் அடைக்கும் முன்பே உள்ளே போய்ச் சேர வேண்டும்.

மாசி மாதம் உங்களுக்குத் தோதுப்படுமா? மழை இருக்காது, விலையும் இறங்கியிருக்கும், மாலைக்காரர்களும் போயிருப்பார்கள். தேதியை எழுதினால் இங்கே நாலு இடத்தில் நேரில் கேட்டு, இபி சிபி இரண்டு விலையும் வரியோடு எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்
சரோஜா