வாடை இல்லாத பசை ஒட்டுமா? வாடிக்கையாளர்களுக்கு எங்கள் கடையின் மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் பேரணாம்பட்டிலிருந்து வந்த பாய் ஒருவர், நாங்கள் கொடுத்த புதுப் பசை டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "என்ன தம்பி, மோர் மாதிரி இருக்கு. வாடையே வரலை. இது எங்க சோலைப் பிடிக்கப் போகுது?" என்று சொல்லி மூடிக் கொடுத்துவிட்டார். அவர் எங்கள் அப்பா காலத்திலிருந்து வருகிறவர். அவர் ஒருவர் மட்டும் என்றால் நேரில் பேசி முடித்திருப்பேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று எங்கிருந்து வருகிறவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வேலைக்கு நடுவில் படிக்க முடியாது, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் படியுங்கள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வரும் தை மாதம் முதல் டொலுவீன், ஹெக்சேன் என்ற கரைப்பான்கள் கலந்த சொல்யூஷனை, அதாவது ரப்பரைக் கரைத்த பழைய பசையை, கேனில் ஊற்றிச் சில்லறையாக விற்பதை நிறுத்துகிறோம். அதற்குப் பதில் தண்ணீரில் கலந்த பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பிசின் பசை தருகிறோம். தண்ணீர்ப் பசை ஒத்துவராத இடத்துக்கு எத்தில் அசிடேட் என்ற கரைப்பானில் கரைத்த பசையும், பசைக்கு முன் பூசும் பிரைமரும் இருக்கும். கறுப்பு ரப்பர் ஷீட்டின் காம்பவுண்டிலும் (ரப்பர்க் கலவையிலும்) ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வாடைக்கும் ஒட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒட்டுவது ரப்பர். வாடை வருவது ரப்பரைக் கரைத்து வைத்திருக்கும் திரவத்திலிருந்து. அந்தத் திரவம் பசையைப் பிரஷ் வரைக்கும், பிரஷிலிருந்து தோல் வரைக்கும் சுமந்து வரும் வண்டி, அவ்வளவுதான். இறக்கிவிட்டுப் போய்விடும். எங்கே போகிறது என்பதைத்தான் நாம் இத்தனை வருடம் கேட்காமல் இருந்துவிட்டோம். சாதாரண சொல்யூஷன் ஒரு கிலோ டப்பாவில் ரப்பரும் பிசினும் சேர்ந்து 150 முதல் 200 கிராம்தான் இருக்கும். மீதி 800 கிராமும் காற்றில் கலக்கிறது. ஜன்னல் சாத்திய ஷெட்டில் பத்துப் பேர் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஐந்து கிலோ பூசினால், நாலு கிலோ ஆவி அந்த அறைக்குள்தான் சுற்றுகிறது. காற்றைவிடக் கனமான ஆவி என்பதால் தரையோடு படியும். தரையில் உட்கார்ந்து பேஸ்டிங் (பசை பூசும் வேலை) செய்கிறவர்கள் மூக்கு மட்டத்துக்கே.

ரப்பரைக் கரைக்கும் பழக்கத்துக்கு வயது இருநூறு. 1823-இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மாக்கின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிக்கு நடுவில் பூசி மழைக்கோட்டு செய்யக் காப்புரிமை வாங்கினார். குளிரில் விறைக்கும், வெயிலில் பிசுபிசுக்கும் கோட்டு அது. நம் ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கோட்டை மைதானம் வரை நடந்தால் உடம்போடு ஒட்டியிருக்கும். அந்தக் குறையைத் தீர்த்தது கந்தகம். 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பரைச் சூடாக்கினால் அது இளகாமல், விறைக்காமல் நிலைத்து நிற்கிறது என்று கண்டார். 1844-இல் அங்கே அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதற்குள் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1843-இலேயே விண்ணப்பித்துவிட்டார். ரப்பரின் நீண்ட சங்கிலிகளைக் கந்தகம் குறுக்கே முடிச்சுப் போடுகிறது. கயிற்றுக் கட்டிலைப் பின்னுவதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். நாம் சோல் பிரஸ்ஸில் 150 டிகிரியில் வைத்து எடுக்கும்போது நடப்பதும் இதுவே.

சோல் ஒட்டும் பசைக்கு அடுத்த பெரிய கண்டுபிடிப்பு 1930-இல் வந்தது. டூபான்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் குழுவில் இருந்த ஆர்னால்ட் காலின்ஸ், அசிட்டிலீன் வழியாகச் செயற்கை ரப்பர் ஒன்றைச் செய்தார். அதுதான் நியோப்ரீன். உங்கள் மஞ்சள் சொல்யூஷனில் இருப்பது அதுவே. இரண்டு பக்கமும் பூசி, காயவிட்டு, சேர்த்து அழுத்தினால் உடனே கவ்விக்கொள்கிறதே, அதற்குக் காரணம் நியோப்ரீன் சங்கிலிகள் அடுக்கடுக்காக ஒழுங்குபட்டு இறுகும் குணம். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழு பாலியூரித்தேனைக் கொண்டுவந்தது. பிவிசி சோலில் கலக்கும் எண்ணெய் நியோப்ரீனை இளக்கிவிடும், பாலியூரித்தேனை அவ்வளவு சுலபமாக அசைக்க முடியாது. பாருங்கள், ரப்பர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதைச் சுமக்கும் வண்டி மட்டும் மாக்கின்டாஷ் காலத்து வண்டியாகவே நின்றுவிட்டது.

அந்த வண்டி என்ன செய்தது என்பதற்கு இரண்டு ஊர்க் கதைகள். இரண்டும் செருப்பு, ஷூ தைக்கிறவர்களின் கதை. இஸ்தான்புல்லில் முசாஃபர் அக்சோய் என்ற மருத்துவர், பென்சீன் என்ற கரைப்பான் கலந்த பசையோடு வேலை செய்த ஷூ தொழிலாளர்களைக் கவனித்தார். 1967 முதல் 1973 வரை 26 பேருக்கு ரத்தப் புற்றுநோயோ அதன் முந்தைய நிலையோ இருந்ததாக 1974-இல் எழுதினார். ஷூ பசையிலிருந்த பென்சீன் மீது ஏற்கெனவே இருந்த சந்தேகத்தை அது இன்னும் வலுவாக்கியது. இன்னொன்று ஜப்பானின் மியே மாவட்டம். 1960-களில் அங்கே வீட்டிலேயே உட்கார்ந்து செருப்பு ஒட்டிய 93 பேருக்குக் கைகால் மரத்து, நடை தளர்ந்தது. காரணம் பசையிலிருந்த ஹெக்சேன். உடம்புக்குள் போன ஹெக்சேன் வேறொரு பொருளாக மாறி, நீளமான நரம்புகளை முதலில் கெடுக்கிறது. உடம்பிலேயே நீளமான நரம்பு பாதத்துக்குப் போவது. அதனால்தான் முதலில் பாதம் மரக்கிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். படிப்பு முடிந்து அப்பா கடைக்கு வருமுன் ஒன்றரை வருடம் ஒரு செருப்புப் பட்டறையில் வேலை செய்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவருக்கு, காலிலிருந்து செருப்பு நழுவுவதே தெரியாமல் போனது. திரும்பிப் பார்த்து, ஒற்றைச் செருப்பை எடுக்க வருவார். வாதம் என்றார்கள், எண்ணெய் தேய்த்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர், "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வேலையை விட்ட பிறகும் சில மாதம் அதிகமாகித்தான் அப்புறம் மெதுவாகக் குறைந்தது. இரண்டு வருடம் கழித்து சைக்கிள் ஓட்டினார். அவர் கையில் இருந்த டப்பாவைப் போன்ற டப்பாக்களைத்தான் நான் பதினெட்டு வருடம் விற்றிருக்கிறேன். இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

சரி, தண்ணீர்ப் பசைக்கு வருவோம். பாலியூரித்தேன் தண்ணீரில் கரையாது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக மிதக்கிறது, பாலில் கொழுப்பு மிதப்பதைப் போல. அதனால்தான் வெள்ளையாக இருக்கிறது. பூசியதும் தண்ணீர் ஆவியாகி, துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, கண்ணாடி மாதிரி ஒரு படலமாகும். வெள்ளை முழுக்க மறைந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். காய்ந்த படலத்தைத் தொட்டால் பிசுக்கே இருக்காது. "ஒட்டவில்லையே" என்று மேலே இன்னொரு கோட்டு பூசிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் படலத்தை ஹீட்டரில் காட்டி, மேற்பரப்பு 50 முதல் 60 டிகிரி சூடாக வேண்டும். அப்போது படலத்துக்குள் ஒழுங்குபட்டிருந்த சங்கிலிகள் இளகி ஒட்டத் தயாராகும். சூடு ஆறுவதற்குள் சேர்த்துப் பிரஸ்ஸில் வைத்துவிடுங்கள். ஆறும்போது மறுபடி இறுகிக்கொள்ளும்.

பசையை இறுக வைக்கும் ஹார்ட்னர் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு. கலந்த பசையை நாலு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பழைய பசை நேரம் தாண்டினால் கெட்டியாகி நம்மை எச்சரிக்கும். இது அப்படியே பால் மாதிரி இருக்கும், ஆனால் சத்து போயிருக்கும். காலையில் கலந்ததைச் சாயங்காலம் பூசி, ஒரு மாதம் கழித்துச் சோல் பிரிந்து வந்தால் பசையைத் திட்டிப் பயனில்லை. கலந்த டப்பாவை இறுக்கி மூடவும் வேண்டாம். ஹார்ட்னர் தண்ணீரோடு சேர்ந்து கரியமில வாயு விடும், மூடி எகிறும்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. கெட்டியாக இருக்கிறது என்று போர் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மிதக்கும் துளிகளைத் திரிய வைத்துவிடும், எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி. ஏற்கெனவே இரண்டு யூனிட்டில் இது நடந்தது. தகர ஷெட்டுக்குக் கீழே கத்திரி வெயிலில் டப்பாவை அடுக்காதீர்கள். பிரஷைக் காய்வதற்குள் தண்ணீரில் அலசிவிட்டால் தின்னர் செலவே கிடையாது.

விலை கிலோவுக்கு அதிகம்தான், மறைக்கவில்லை. ஆனால் இதில் பாதிக்குப் பாதி பசையே இருக்கிறது. பழையதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு ஜோடிக்கு எவ்வளவு செலவாகிறது என்று எடை போட்டுப் பாருங்கள், பெரும்பாலான வேலைக்கு வித்தியாசம் குறைவு. காய்வதற்கு நேரம் கூடும் என்பது உண்மை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கூடும். மின்விசிறியும் கொஞ்சம் சூடும் வேண்டும். ஹீட்டரே இல்லாத சின்னப் பட்டறைக்கு இது சரிப்படாது, அவர்களுக்கு எத்தில் அசிடேட் பசையைத்தான் சொல்வேன்.

எத்தில் அசிடேட் சாராயத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் சேர்த்துச் செய்வது. அந்தச் சாராயத்தைக் கரும்பு ஆலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸிலிருந்தே எடுக்கலாம். அம்முண்டி ஆலைக்குக் கரும்பு வண்டி போவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம். நரம்பைக் கெடுக்கும் குணம் ஹெக்சேனைப் போல இதற்கு இல்லை. ஆனால் நெருப்புக்கு இதுவும் பயங்கரம்தான். பூஜ்ஜியத்துக்குக் கீழே 4 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவி வரும். பச்சை நிற லேபிளைப் பார்த்து பக்கத்தில் பீடி பற்ற வைக்காதீர்கள். டிபிஆர் (சூட்டில் இளகும் ரப்பர்) சோலுக்கு மட்டும் குளோரின் தரும் பிரைமர் கட்டாயம். அந்த வகை ரப்பரின் மேற்பரப்பு வழுக்கும், பாலியூரித்தேன் பிடிக்க அதில் ஒரு வேதி மாற்றம் வேண்டும். அந்தப் பிரைமரும் எத்தில் அசிடேட்டில் வருவதையே வாங்கி வைத்திருக்கிறோம்.

1998-இல் பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் என்ற இரண்டு அமெரிக்க வேதியியலாளர்கள் பசுமை வேதியியலுக்கு 12 நெறிகள் வகுத்தார்கள். ஐந்தாவது நெறி, கரைப்பான் போன்ற துணைப் பொருளை முடிந்தால் தவிர், முடியாவிட்டால் தீங்கற்றதைத் தேர்ந்தெடு என்பது. நாங்கள் செய்வது அதே வரிசைதான். முதலில் தண்ணீர், அது முடியாத இடத்தில் எத்தில் அசிடேட்.

இனி கறுப்பு ஷீட். ரப்பருக்குக் கறுப்பு நிறம் அழகுக்கு வந்தது இல்லை. கார்பன் கறுப்பு என்ற நுண்ணிய கரித்தூள் சேர்த்தால் ரப்பர் பல மடங்கு உழைக்கும் என்று 1904-இல் லண்டன் சில்வர்டவுனில் மோட் என்பவர் கண்டார். 1906-இல் அமெரிக்காவின் ஏக்ரனில் ஜார்ஜ் ஓன்ஸ்லேகர், அனிலின் சேர்த்தால் ரப்பர் கந்தகத்தோடு வேகும் நேரம் வெகுவாகக் குறைகிறது என்று கண்டார். இன்று மில்லில் போடும் ஆக்ஸிலரேட்டர்களின் முன்னோடி அது. இவை சரி. சிக்கல் எண்ணெயில் இருந்தது. கறுப்பு நன்றாகக் கலக்க ஊற்றும் மலிவான அரோமேட்டிக் எண்ணெயில், புற்றுநோய் உண்டாக்கும் பல்வளையச் சேர்மங்கள் இருக்கும். தோலில் நெடுநேரம் படும் ரப்பர் பொருளில் அவை ஒவ்வொன்றும் கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பாவில் 2015 டிசம்பரிலிருந்து சட்டம். ஏற்றுமதி வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும். நம் ஊரில் விற்கிற செருப்புக்கு மட்டும் பழைய எண்ணெய் போதும் என்று நினைக்க எனக்கு மனசு வரவில்லை. எல்லா ஷீட்டுக்கும் சுத்திகரித்த எண்ணெயாக மாற்றச் சொல்லிவிட்டோம். முதல் லாட் கொஞ்சம் கடினமாக வந்தது. இப்போது சரிசெய்துவிட்டார்கள். தார் வாடை குறைந்திருப்பதை வைத்துப் போலி என்று நினைக்க வேண்டாம்.

பஞ்சர் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சின்ன டியூப் சொல்யூஷன் தொடர்ந்து கிடைக்கும், ஆனால் பையன்களை அனுப்பாதீர்கள், பெரியவர்கள் வந்தால்தான் கொடுப்போம். அதை முகர்ந்து கெட்டுப்போன பிள்ளைகளைப் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பேரணாம்பட்டு பாய் அடுத்த முறை வந்தபோது, அவருடைய தோல், அவருடைய சோல் வைத்து எதிரிலேயே ஒட்டிக் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்துக் குறடு போட்டு இழுத்திருக்கிறார். ஒட்டு பிரியவில்லை, தோலின் நார் பிய்ந்து சோலோடு வந்திருக்கிறது. நல்ல ஒட்டுக்கு அதைவிடப் பெரிய சோதனை கிடையாது. நீங்களும் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் உங்கள் தோலும் சோலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ரஃபிங் செய்த, அதாவது சுரண்டிச் சொரசொரப்பாக்கிய தோலாக இருக்கட்டும்.

மிச்சமிருக்கும் பழைய சொல்யூஷனையும் தின்னரையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது பாலாற்றுக்குத்தான் போகும். தோல் கழிவால் கெட்ட அந்த ஆற்றுக்காக வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில்தான், மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. திறக்காத டப்பாவை மார்கழி முடிவுக்குள் கொண்டுவந்தால் முழு விலைக்குக் கழித்துக்கொள்கிறோம். திறந்தது என்றால் மூடி, எழுதி ஒட்டி, அப்படியே கொண்டு வாருங்கள். அதற்குப் பணம் தர முடியாது, ஆனால் முறையாக அப்புறப்படுத்துகிறவர்களிடம் எங்கள் செலவில் சேர்த்துவிடுவோம்.

அன்புடன்,
பசை, ரப்பர் ஷீட் கடையிலிருந்து,
வேலூர்