ஒற்றைக் காது நிமிர்ந்த பயலைப் பற்றி

அன்புள்ள நண்பா,

நீ அனுப்பிய உன் நாய்க்குட்டியின் படங்களைப் பார்த்தேன். பாதிப் படங்களில் வால் மட்டும்தான் இருக்கிறது, ஒரு இடத்தில் நிற்க மாட்டான் போல. ஒரு காது நிமிர்ந்து, மற்றது சரிந்து, முதுகு பின்னாலிருந்து முன்னால் இறங்கி, கால் மட்டும் வளர்ந்த நாயின் காலாக... 'ஏமாந்துவிட்டேனோ' என்று கேட்டிருக்கிறாய். இல்லையடா. ஐந்து மாத ஜெர்மன் ஷெப்பர்ட் இப்படித்தான் இருக்கும்.

காதுக்கும் பல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு. 28 பால் பற்கள் விழுந்து 42 நிலைப் பற்கள் முளைத்து முடிய ஆறு, ஏழு மாதம் ஆகும். அதுவரை நேற்று நின்ற காது இன்று விழும், அப்புறம் மறுபடி எழும். காதைப் பிடித்து நீவிக்கொண்டே இருக்காதே. அதைவிட வாயைத் திறந்து கோரைப் பல்லைப் பார். பழையது விழாமல் புதியது பக்கத்திலேயே முளைத்திருந்தால் மருத்துவரிடம் காட்டு. பின்பக்கம் உயர்ந்திருப்பதற்குக் கவலையே வேண்டாம். முன்னும் பின்னும் மாறி மாறித்தான் வளரும்.

'எலும்பும் தோலுமாக இருக்கிறான், பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள்' என்கிறாயே, அதற்குக் கண்ணை நம்பாதே. ரோமம் ஏமாற்றிவிடும். உன் கையை விரித்து மேசைமேல் கவிழ்த்து வை. மறு கை விரலால் புறங்கையில், விரல்கள் தொடங்கும் இடத்தைத் தடவு. விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. முஷ்டி மடக்கினால் துருத்துகிற கணு மாதிரி இருந்தால் மெலிவு. உள்ளங்கைப் பக்கம் தடவுகிற மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் பழைய நாயை நினைவிருக்கிறதா? குட்டியில் கரடி மாதிரி இருக்கிறான் என்று நீயே கொஞ்சினாய். நானும் பூரித்துப்போய் தட்டை நிரப்பினேன், போதாததற்குக் கால்சியம் மாத்திரை வேறு. ஐந்து வயதில் எழுந்திருக்கும்போதே பின்காலை இழுத்தான். பிறவிக் கோளாறும் இருந்திருக்கும், ஆனால் அந்தப் பாரத்தை ஏற்றியது நான்தான். பெரிய இனக் குட்டிகளின் குடலுக்கு, அதிகமாக வரும் கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் திறன் முதல் சில மாதங்களில் குறைவு. உள்ளே போவதெல்லாம் எலும்பு வளர்ச்சியைக் குழப்பும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே செய்த உணவைக் கொடுக்கிறாய் என்றால் மாத்திரையே வேண்டாம். 48 லேப்ரடார் நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்த ஓர் ஆய்வு 2002-ல் வெளிவந்தது. தன் ஜோடி நாயைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் பயப்படுவது வேறு விஷயங்களுக்கு. ஓடும்போது பின்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தாவுகிறானா? இன்று ஒரு கால், அடுத்த வாரம் இன்னொரு கால் என்று நொண்டுகிறானா? முன்பாதம் தளர்ந்து விரல்கள் அகன்று பரப்புகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதே. எலும்பு முனைகளில் வளர்ச்சி முடியவே ஒன்றரை வயது வரை ஆகலாம், அதுவரை படியில் ஏற்றி இறக்கி விளையாட வேண்டாம், வழுக்குகிற தரையும் ஆகாது. 'இடுப்பு மூட்டு அருமையாக இருக்கிறது' என்று இப்போதே யாராவது கையால் அமுக்கிப் பார்த்துச் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடு. எக்ஸ்ரே இல்லாமல் அது யாருக்கும் தெரியாது.

என் முழங்கால் பழையபடிதான். அவன் நடக்கும் வீடியோ ஒன்று பின்னாலிருந்து எடுத்து அனுப்பு. நின்ற காதோடு வேண்டாம், நடந்தால் போதும்.

உன்,
பழைய தடியன்