நோயுற்ற குழந்தையிடம் பாவக்கணக்கு பார்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் ஆன்மிகக் கேள்வி-பதில் பகுதியில் அடிக்கடி வரும் கேள்வி: "மூன்று வயதுப் பிள்ளைக்கு பிளட் கேன்சர். அன்பே உருவான கடவுள் இதை எப்படி விட்டுவைக்கிறார்?" பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். முற்பிறவி வினை என்பார்கள். அல்லது, தாங்கக்கூடியவர்களுக்குத்தான் கடவுள் சோதனை தருவார் என்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கு வரும் பெற்றோர் இந்தப் பதிலையும் சுமந்துகொண்டு வருகிறார்கள். நம் சமய நூல்களையே துணைக்கு வைத்துச் சொல்கிறோம்: இது தவறான பதில்.

"தாங்கும் அளவுக்குத்தான்" என்பது பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 10ஆம் அதிகாரம், 13ஆம் வசனத்திலிருந்து வருகிறது. அங்கே பேச்சு விக்கிரக வழிபாடு, இச்சை ஆகிய பாவத் தூண்டுதல்களைப் பற்றியது. தமிழில் தூண்டுதலுக்கும் துன்பத்துக்கும் 'சோதனை' என்ற ஒரே சொல் வருவதால் குழப்பம் நேர்ந்துவிட்டது. லுகேமியா எனும் ரத்தப் புற்றுநோயைக் கடவுள் அளந்து அனுப்புகிறார் என்று அந்த வசனம் சொல்லவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, "இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா?" என்று சீடர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். நபிகள் நாயகத்தின் மகன் இப்ராஹீம் பால்குடி வயதில் இறந்த நாளில் சூரிய கிரகணம் வந்தது. அதற்காகத்தான் வானம் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். எவருடைய மரணத்துக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபிகள் திருத்தினார். அதே மகனுக்காகக் கண்ணீரும் விட்டார்.

பைபிளில், குற்றமின்றியே பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவின் கதையை எல்லாரும் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். நூலை வாசித்தால் வேறு விதமாக இருக்கிறது. மூன்று நண்பர்கள் வந்து ஏழு நாள், ஏழு இரவு ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று விளக்க ஆரம்பித்தார்கள். யோபு சண்டை போட்டார், கடவுளையே வழக்குக்கு அழைத்தார். கடைசியில் கடவுளின் கோபம் யார்மேல் விழுந்தது? கடவுளுக்காக வாதாடிய நண்பர்கள்மேல். யோபு பேசியதே சரி என்று தீர்ப்பாயிற்று.

சைவத்திலும் இந்த இடம் உண்டு. கண்ணிழந்த சுந்தரர் திருவாரூர் இறைவனைப் பார்த்து "வாழ்ந்து போதீரே", நீரே நன்றாக இருந்துகொள்ளும், என்று கடிந்து பாடினார். அது ஏழாம் திருமுறையில் அப்படியே இருக்கிறது. பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சபதம் தவறியதால் போன கண் அது. தன் குற்றம் இன்னதென்று அறிந்தவரே அப்படிக் கேட்கலாம் என்றால், ஒரு குற்றமும் அறியாத பிள்ளையின் தாய் கேட்கக் கூடாதா? புறநானூற்றில் (194) பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் அடுத்த வீட்டில் மண முழவும் ஒலிக்கும்படி உலகைப் படைத்தவனைப் "பண்பிலாளன்" என்கிறார். இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. கேட்பது நாத்திகமும் அல்ல. வினைக் கொள்கை தன் நடத்தையைத் திருத்திக்கொள்ள ஏற்பட்டது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் உடம்பில் அதை வாசித்துக் காட்டுவது அடாத செயல்.

மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்ததால் தீமை வந்தது என்ற வாதம் கொலைக்கும் போருக்கும் பொருந்தும். ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையில் நடப்பதற்குப் பொருந்தாது. ஒரு செல் இரண்டாகும்போது ஏறக்குறைய 600 கோடி மரபணு எழுத்துகள் படியெடுக்கப்படுகின்றன. பிள்ளை வளர்வதே இந்தப் படியெடுப்பால்தான். அதில் நேரும் பிழையிலிருந்து நோய் பிறக்கிறது. குழந்தைப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை பெற்றோரிடமிருந்து வருபவை அல்ல. தாயின் குற்ற உணர்வைக் குறைக்க இந்த ஒரு வாக்கியம் பரிகாரங்களைவிடப் பயன்படும்.

தவறான பதிலால் உயிரும் போகிறது. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணும் லுகேமியாவுக்குச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள். முதல் ஒரு மாதக் கீமோ மருந்திலேயே பெரும்பாலான பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை சுத்தமாக வந்துவிடும். பிள்ளை ஓடி விளையாடும். 'சோதனை முடிந்தது, வேண்டுதல் பலித்தது' என்று சிகிச்சையை நிறுத்தும் ஆபத்து இங்கேதான். நுண்ணோக்கிக்குப் புலப்படாத புற்றுநோய்ச் செல்கள் மிச்சமிருக்கும். நோய் திரும்பும்போது அதே மருந்துகள் முன்புபோல் கேட்பதில்லை. கீமோ நாட்களில் கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு குறைந்திருக்கும்போது 100.4 டிகிரி காய்ச்சல் என்றாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திருநீறு பூசி விடியும்வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சாத தீர்த்தத்தை வாயில் விடக் கூடாது. நெற்றியில் ஒரு துளி தொட்டு வைத்தால் போதும். ஆலகாலத்தை உலகுக்குப் பங்கு போடாமல் தன் மிடற்றிலேயே நிறுத்திக்கொண்ட கடவுள் அதைக் குறையாக எண்ணமாட்டார்.

பார்க்கப் போகிறவர்கள் விளக்கம் சொல்லாமல் பக்கத்தில் இருந்தாலே பெரிது. வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிடலாம், பஸ் செலவுக்குக் கொடுக்கலாம். இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்றத் தானமாகக் கிடைக்கும், ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் 5 நாளுக்குமேல் தாங்காது. அதனால் ஒரே நாள் முகாமில் நூறு பேர் வருவதைவிட வாரந்தோறும் சிலர் வருவதே உதவும். அல்சூர் சோமேசுவரர் கோயில், சிவாஜிநகர் மாதா கோயில், பள்ளிவாசல் எங்கும் திருவிழாவுக்கு எழுதும் உபயதாரர் பட்டியலைப்போல இதற்கும் ஒன்று எழுதலாம்.

தங்கள் ஆன்மிகப் பகுதியில் அடுத்தமுறை இக்கேள்வி வந்தால், பதில் எழுதுபவர் எந்தச் சமயத்தவரானாலும், இரண்டு வரியை மட்டும் சேர்க்கக் கோருகிறோம்: இது உங்கள் பாவத்தால் வந்ததல்ல, மருத்துவர் சொல்லும்வரை சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவுகளுக்குச் சென்றுவரும் தன்னார்வலர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு