அடுத்த கூட்டத்தின் முதல் பொருள்

பகுதி மன்றத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் உங்கள் மன்றத்தின் எல்லைக்குள் குடியிருப்பவள். நான்கு ஆண்டுகளாகப் பெரும்பாலான கூட்டங்களுக்கு வந்திருக்கிறேன். எப்போதும் பின்வரிசையில், சன்னலோரம் உட்காருவேன். பேசியது குறைவு, கேட்டுக்கொண்டிருந்ததே அதிகம். இதை மனுவாகவும் கொடுத்திருக்கலாம். ஆனால் மனு கோப்புக்குள் போய்விடும். நம்மைப் போலவே இயங்கும் மன்றங்கள் எத்தனையோ இருக்கின்றன, அவர்களும் படிக்கட்டுமே என்றுதான் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன்.

விளக்கில் இருந்து தொடங்குகிறேன்.

எங்கள் தெரு பெரிய சாலையில் சேரும் திருப்பத்தில் ஒரு விளக்கு ஏழு மாதங்களாக எரியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மருத்துவமனையில் வேலை பார்க்கிறார், இரவில் நேரம் கழித்துத்தான் வருவார். அந்தத் திருப்பத்துக்கு வந்ததும் நின்று, கைப்பேசியின் டார்ச்சைப் போடுவார். வெளிச்சத்தைத் தரையில் அடிக்க மாட்டார், தன் மேலேயே அடித்துக்கொள்வார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "பள்ளம் எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும். வர்ற வண்டிக்கு நான் இருக்கிறது தெரியணும்ல" என்றார். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் செயலாளரிடம் மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டேன். தயங்காமல் எடுத்துக் கொடுத்தார், அதற்கு நன்றி. அந்த விளக்கு மூன்று கூட்டங்களில் பதிவாகியிருக்கிறது. மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே வரிதான்: "திருப்பத்தில் விளக்கு எரியாதது குறித்து முறையிடப்பட்டது. ஆவன செய்யப்படும் எனத் தீர்மானிக்கப்பட்டது." மூன்றாவது முறை "விரைந்து" என்ற சொல் கூடுதலாகச் சேர்ந்திருந்தது.

பிறகு ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். கம்பம் மின்துறையுடையது, விளக்கு நகராட்சியுடையது. செயலாளர் கடிதம் போட்டிருப்பார் என்று தலைவர் நினைத்திருந்தார். எங்கள் தெரு உறுப்பினர் நேரில் போய்ச் சொல்லியிருப்பார் என்று செயலாளர் நினைத்திருந்தார். தலைவருக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஒரு போன் போட்டிருப்பார் என்று உறுப்பினர் நினைத்திருந்தார். கடைசியில் கடிதமும் போகவில்லை, ஆளும் போகவில்லை, போனும் போகவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் எனக்கு அதிக வருத்தம். நல்ல மனிதர்கள் பத்துப் பேர் கூடி, ஒரு தெருவை ஏழு மாதம் இருட்டில் வைத்திருக்கிறோம்.

"ஆவன செய்யப்படும்" என்ற வரியை இப்போதெல்லாம் எங்கே பார்த்தாலும் நின்று படிக்கிறேன். செய்பவர் பெயரைச் சொல்லாமலே அந்த வாக்கியம் முழுமையாகிவிடுகிறது, நாளும் தேவைப்படுவதில்லை. "செயலாளர் 15ஆம் தேதிக்குள் நகராட்சிக்குக் கடிதம் அனுப்புவார்" என்று எழுதியிருந்தால் அடுத்த கூட்டத்தில் அனுப்பியாயிற்றா என்று எவர் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். "ஆவன"வைப் பிடித்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது?

அதனால் என் முதல் வேண்டுகோள், உண்மையில் இந்த மடலின் ஒரே பெரிய வேண்டுகோள், இதுதான். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பக்கத்தில் ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக அந்தப் பட்டியலையே எடுங்கள். முடிந்ததா, முடியவில்லையா, முடியவில்லை என்றால் எங்கே நிற்கிறது? இதைப் பேசி முடித்த பிறகு புதிய விஷயங்களுக்குப் போகலாம். இப்போது முதல் பொருளாக இருப்பது "முந்தைய கூட்ட நடவடிக்கைகளை உறுதி செய்தல்". செயலாளர் மூச்சு விடாமல் வாசிக்கிறார், நாம் கையைத் தூக்குகிறோம், இரண்டு நிமிடத்தில் முடிகிறது. எழுதியது சரியா என்று பார்க்கிறோமே தவிர, எழுதியது நடந்ததா என்று பார்ப்பதில்லை.

நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். குடவோலை முறை என்றதும் குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்தது மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. யாருடைய பெயரை அந்த ஓலையில் எழுதவே கூடாது என்ற பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாரியத்தில், அதாவது ஊர்ச்சபையின் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பொறுப்பில் இருந்தவர் என்ன செய்தார் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

நம் காலத்தில் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம். நகரின் வரவு செலவில் எந்த வேலைக்கு முதலிடம் என்று மக்களே கூடிப் பேசி முடிவெடுக்கும் முறையை 1989இல் அங்கே தொடங்கினார்கள். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாக்களிப்பைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சுற்று தொடங்கியதே, போன ஆண்டு ஒப்புக்கொண்ட வேலைகள் என்ன ஆயின என்று நகர நிர்வாகம் மக்கள் முன்னால் நின்று கணக்குச் சொல்வதில் இருந்துதான். போன வருடம் கேட்ட கால்வாய் வந்துவிட்டது என்று கண்ணால் பார்த்தவர்தானே இந்த வருடமும் வேலையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வருவார்? நம் கூட்டங்களில் ஏன் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன என்று தலைவர் அடிக்கடி வருத்தப்படுகிறார். கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்கூட வராததால் இந்த ஆண்டு இரண்டு கூட்டங்களை ஒத்திவைத்தோம். மக்களுக்கு அக்கறை இல்லை என்று நான் நினைக்கவில்லை. வந்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

"நமக்கு அதிகாரம் இல்லையம்மா, பரிந்துரைக்கத்தான் முடியும்" என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, உண்மைதான். உலகத்தில் பல இடங்களிலும் இப்படித்தான். நியூயார்க் நகரத்தில் 59 பகுதி வாரியங்கள் இருக்கின்றன, அவற்றின் வேலையும் ஆலோசனை சொல்வதே. ஸ்காட்லாந்தில் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த பகுதி மன்றங்கள் வரி போட முடியாது, சாலை போட முடியாது. தங்கள் பகுதியின் கட்டட அனுமதி விண்ணப்பங்களில் கருத்துச் சொல்லும் உரிமை இருக்கிறது. அந்தக் கருத்தையும் குறித்த நாளுக்குள், எழுத்தில், காரணத்தோடு கொடுத்தால்தான் பயன். அதிகாரம் இல்லாதவர்கள்தான் எழுத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். "இந்தத் தேதியில் கேட்டோம், இந்தத் தேதியில் நினைவூட்டினோம், இன்றுவரை பதில் இல்லை" என்று ஒரு தாள் நம் கையில் இருந்தால், அதை எந்த அதிகாரியும் அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. அந்தத் தாள் இப்போது நம்மிடம் இல்லை.

அடுத்தது அந்த இரும்புக் கதவு. இதைப் பற்றி எழுத வேண்டுமா என்று யோசித்தேன், சிலருக்கு மனம் வருந்தும். ஆனாலும் எழுதுகிறேன்.

இரண்டு தெருக்களை இணைக்கும் சந்துக்குக் கதவு போட்டுப் பூட்டுவது என்ற முடிவு எப்படி வந்தது? கூட்டப் பொருளில் அது இல்லவே இல்லை. எல்லாம் முடிந்து, பாதிப் பேர் எழுந்து போன பிறகு, "இதர பொருள்கள்" என்ற கடைசி வரியில் வந்தது. நானும் அப்போது செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள். திருட்டுப் பயம் என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள், அடுத்த வாரம் கதவு வந்துவிட்டது. அந்தச் சந்து வழியாகத்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள், குப்பை வண்டிக்காரர் வருவார், கோலூன்றி நடக்கும் பெரியவர் ஒருவர் பேருந்து நிறுத்தத்துக்குப் போவார். இப்போது அவர் சுற்றிக்கொண்டு போகிறார். வழியில் இரண்டு இடத்தில், யாராவது ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். திருட்டுப் பயம் பொய்யில்லை, கதவு தேவைப்படவும் கூடும். பகலில் திறந்து இரவில் பூட்டலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லக்கூடியவர்கள் அந்த அறையில் இல்லை.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதிச் சிற்றூர்களில் ஊர்க்கூட்டம் கூடுவதற்கு முன்பே, பேசப்போகும் பொருள்களின் பட்டியலை எல்லோருக்கும் அறிவித்துவிட வேண்டும். அதில் இல்லாத விஷயத்தைக் கூட்டத்தில் முடிவு செய்ய முடியாது. நாமும் இதை வைத்துக்கொள்ளலாம். "இதர பொருள்கள்" இருக்கட்டும், யாரும் எதையும் எழுப்பட்டும். ஆனால் வழியை அடைப்பது, மரத்தை வெட்டுவது, பணம் செலவழிப்பது போன்றவற்றை அங்கே பேசலாமே தவிர முடிவெடுக்கக் கூடாது. ஒரு வாரம் அறிவிப்புப் பலகையில் இருந்துவிட்டு அப்புறம் வரட்டும். அந்தப் பலகையின் கண்ணாடிச் சட்டத்துக்குள் இன்னும் இரண்டு வருடத்துக்கு முந்தைய அறிவிப்பு வெளிறிப்போய்த் தொங்குகிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

உத்திரமேரூரைப் பெருமையாகச் சொன்னேன். ஆனால் அங்கே ஓலையில் பெயர் எழுத நிலம் வேண்டும், வேதக் கல்வி வேண்டும், ஆணாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அந்தக் குடத்தில் இடமில்லை. நாம் அதைத் தாண்டி வந்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன். போன கூட்டத்தில் ஒரு இளைஞர் கழிவுநீர் வழிவதைப் பற்றிப் பேச எழுந்தார். பாதியிலேயே ஒருவர், "நீங்க வாடகைக்குத்தானே இருக்கீங்க?" என்று கேட்டார். அந்தத் தம்பி, "ஆமாம் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு அவர் வாயே திறக்கவில்லை. யாரும் அவரை மறுபடி பேசச் சொல்லவில்லை, நான் உட்பட. வீடு சொந்தமா வாடகையா என்று பார்த்தா சாக்கடை வழிகிறது? நம் பகுதியில் வாடகைக்கு இருப்பவர்கள் ஏராளம். தரைத்தளத்தில், கழிவுநீர் முதலில் நுழையும் வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். அந்தத் தம்பியை அழைத்து, அவர் சொல்ல வந்ததை முழுமையாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கூட்ட நேரத்தைப் பற்றியும் ஒரு வரி. எல்லாக் கூட்டங்களையும் வேலைநாள் மாலையிலேயே வைப்பதால் கைக்குழந்தைக்காரர்களும் ஷிப்ட் வேலைக்காரர்களும் வர முடிவதில்லை. மூன்றில் ஒன்றையாவது விடுமுறை நாள் காலைக்கு மாற்றிப் பாருங்கள்.

உங்களிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது நியாயமில்லை. நீங்கள் யாரும் சம்பளம் வாங்கவில்லை. மழைவெள்ளம் வந்த அன்று செயலாளர் இடுப்பளவு தண்ணீரில் நின்று அடைப்பெடுத்ததை என் மாடியில் இருந்து பார்த்தேன். அன்று கீழே இறங்கி வராதவர்களில் நானும் ஒருத்தி. தன் வாசலில் குப்பை இருந்தால் மட்டும் வந்து கத்திவிட்டு, அடுத்தவர் வாசல் பற்றிய பேச்சு வந்ததும் எழுந்து போகிறவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். அப்படிக் கத்துகிறவர்களைச் சமாளிக்கத்தான் "ஆவன செய்யப்படும்" என்ற வரி உங்களுக்குத் தேவைப்படுகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் முடியாததை முடியாது என்றே சொல்லுங்கள். "இதற்கு நிதி இல்லை", "இது நம் எல்லையில் வராது, இந்த அலுவலகத்துக்குப் போங்கள்" என்று சொல்லிவிட்டால் கேட்டவர் அன்று கோபப்படுவார். அடுத்த நாள் சரியான கதவைப் போய்த் தட்டுவார். ஏழு மாதம் காத்திருக்க மாட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன். இந்த முறை முன்வரிசையில் உட்காருகிறேன். விளக்கு, சந்துக் கதவு, கழிவுநீர் ஆகிய மூன்றையும் முதல் பொருளாக எடுக்கக் கோரி என் கையெழுத்திட்ட தாளைச் செயலாளரிடம் தனியாகவும் கொடுத்திருக்கிறேன். விளக்குக்கான கடிதங்களை மின்துறைக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். மன்றத்தின் முத்திரையும் தலைவரின் கையெழுத்தும் கிடைத்தால் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கி வருவேன். மினிட்ஸ் புத்தகத்தில் அந்த வரிக்குப் பக்கத்தில் என் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திருப்பத்துத் தெருவில் இருந்து ஒரு குடியிருப்பாளர்