செயலாளர் ஆண்டறிக்கை: சுற்றுச்சூழல், தொழில்நல ஆய்வுப் பணிகள்

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க அன்பர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுத் தீர்மானப்படி இவ்வாண்டு புதுக் கருவி எதுவும் வாங்கவில்லை. இருக்கும் கருவிகளைச் சரியாக அளக்க வைக்கவும், அளக்கத் தெரிந்தவர்களை உருவாக்கவுமே பணமும் நேரமும் செலவாயின. நன்கொடைத் திட்டத்தில் வந்த கருவிகள், திட்டம் முடிந்ததும் உதிரிப் பாகத்துக்காகக் கப்பலை எதிர்பார்த்து மூலையில் கிடப்பதை நம்முடையதைப் போன்ற சிறு தீவுகள் பலவற்றில் காணலாம்.

பூச்சிமருந்து தெளிப்போருக்கான இரத்தப் பரிசோதனையே இவ்வாண்டின் முதன்மைப் பணி. நரம்புகள் சரியாக இயங்கத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைச் சில பூச்சிமருந்துகள் முடக்கிவிடும்; இரத்தத்தில் அதன் அளவைத்தான் பார்க்கிறோம். இந்த அளவு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். ஆய்வகச் சீட்டு ‘இயல்பு’ என்று சொன்னாலும், அந்த ஆளின் வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கலாம். எனவே பருவம் தொடங்குமுன், 30 நாளாவது மருந்தைத் தொடாத நிலையில், ஒவ்வொருவருக்கும் அடிப்படை அளவு எடுத்து வைக்கிறோம். அதன்பின் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில விதியின் வரம்புகளைப் பின்பற்றுகிறோம்: அடிப்படையில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வேலைமுறையைச் சோதிப்பது, இரத்தச் சிவப்பணுவிலுள்ள நொதி அளவு 70 சதவீதத்துக்கோ, பிளாஸ்மாவிலுள்ள (இரத்தத்தின் நீர்ப்பகுதி) அளவு 60 சதவீதத்துக்கோ வந்துவிட்டால் ஆளை மருந்து வேலையிலிருந்து விலக்கி, 80 சதவீதத்துக்குத் திரும்பும்வரை வேறு பணி கொடுப்பது. சிவப்பணு அளவு புதிய அணுக்கள் உருவாகும் வேகத்தில்தான் ஏறும் என்பதால் வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். முதலாளிகளுக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

இதில் பிழை நுழையும் வழிகள் சில. அடிப்படை அளவை ஓர் ஆய்வகத்திலும் அடுத்ததை இன்னோர் ஆய்வகத்திலும் பார்த்தால் முறையும் அலகும் வேறுபட்டு ஒப்பீடே செல்லாது. இரத்த மாதிரி எடுத்த சோதனைக் குழாய் பனிக்கட்டியில் நேரடியாகப் பட்டு உறைந்தால் அணுக்கள் உடைந்துவிடும். இடையில் துணி வைக்க வேண்டும். கார்பமேட் வகைப் பூச்சிமருந்தால் இந்த நொதிக்கு வரும் பாதிப்பு சில மணி நேரத்திலேயே மீண்டுவிடுவதால், மறுநாள் எடுத்த இரத்தம் ஒன்றும் காட்டாது. பாராகுவாட் போன்ற களைக்கொல்லிக்கு இந்தச் சோதனையே பொருந்தாது.

காற்றுத் தூசி அளவீட்டில் தொல்லை கொடுப்பது கடல் உப்பு. ஒளிச்சிதறலில் இயங்கும் மலிவு விலை சென்சார் துகளின் எடையைப் பார்ப்பதில்லை. ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்துகள் நீரை இழுத்துக் கரைந்து பருக்கிறது. சென்சார் அதையும் தூசியாக எண்ணி அளவைக் கூட்டிக் காட்டும். ஆகவே எடைமுறை ஃபில்டர் கருவியின் அருகிலேயே சென்சாரை வைத்து, மழைக்காலம், வெயில்காலம் இரண்டிலும் திருத்தக் கணக்குப் போடாமல் எந்த எண்ணையும் வெளியிடுவதில்லை. 2021இல் உலக சுகாதார நிறுவனம் பி.எம். 2.5 எனப்படும் (2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத) நுண்துகளுக்கான ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவைக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமாகக் குறைத்த பிறகு, சிறு பிழையும் முடிவைப் புரட்டிவிடும்.

தொழிலாளி மூச்சில் இழுக்கும் தூசியை அளக்க அவர் சட்டையில் மாட்டும் பம்ப்பில், பருந்தூசியைப் பிரித்து நுண்தூசியை மட்டும் ஃபில்டருக்கு விடும் ‘சைக்ளோன்’ என்ற உறுப்பு உண்டு. 10 மி.மீ. நைலான் சைக்ளோனுக்கு நிமிடத்துக்கு 1.7 லிட்டர், அலுமினிய வகைக்கு 2.5 லிட்டர் காற்றோட்டம் வைக்கிறோம். பணிக்கு முன்னும் பின்னும் அளந்த ஓட்டம் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் மாதிரி கழிக்கப்படும். ஷிப்ட் முடிந்து கழற்றுகையில் சைக்ளோனைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால், அடியில் தங்கிய பருந்தூசி ஃபில்டரில் கொட்டி, அன்றைய உழைப்பு வீண். பயிற்சியில் இந்த ஒரு செயலைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தோம்.

உடலில் சேர்ந்த பாதரசத்தை அளக்கத் தலைமுடி மாதிரி நமக்கு வசதியானது. பனிக்கட்டி வேண்டாம், காகித உறை போதும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால் பின்மண்டையில் தோலை ஒட்டி வெட்டி, வேர்ப்பக்கத்தைக் குறித்தால் மாதவாரியாகப் படிக்கலாம். தாயின் உடலிலுள்ள பாதரசம் சேயைப் பாதிக்கிறதா என்று பார்த்த, வட அட்லாண்டிக்கின் பாரோ, இந்தியப் பெருங்கடலின் சீஷெல்ஸ் தீவுகளின் ஆய்வுகளிலும் தலைமுடி அளவு பயன்பட்டது. இரண்டின் முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. பாதரசத்துக்கான உலக வரம்பு பற்றிய விவாதமே பெரும்பாலும் அந்தச் சிறு தீவுகளின் தரவைச் சுற்றி நடந்தது.

கரீபியனிலுள்ள பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப், மார்தினிக் இரண்டிலும் வாழைத் தோட்டங்களுக்கு 1993 வரை இட்ட குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்து இன்றும் மண்ணிலும் கடலோர மீனிலும் இருக்கிறது. நம் தீவில் எந்த மருந்து எந்த ஆண்டில் எவ்வளவு இறங்கியது என்பது பழைய சுங்கப் பதிவேடுகளில்தான் கிடக்கிறது. கரையான் தின்னுமுன் அவற்றைப் படமெடுக்கும் பணி தொடங்கியுள்ளது.

வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்பும்போது, மீதி மாதிரியின் கதி, தரவின் பிரதி, கட்டுரையில் நம்மவர் பெயர் மூன்றையும் முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும். அனுப்பிய பின் கேட்டால் பதில் வராது. உலர் பனிக்கட்டி ஒரு நாளில் பல கிலோ ஆவியாவதால், விமானம் தவறும் என்று கொண்டு இரு மடங்கு நாளுக்குக் கணக்கிடுகிறோம். ஊர், வயது, தொழில் மூன்றும் சேர்ந்தாலே ஆளை அடையாளம் காட்டிவிடும் சிறு சமூகம் நம்முடையது. ஐவருக்குக் குறைந்த குழுவின் எண்ணிக்கையை அட்டவணையில் காட்டுவதில்லை.

பயிற்சி பெற்றவர் வெளியேறினால் பணி நிற்காதிருக்க, ஒவ்வொரு கருவிக்கும் இருவர் என்ற முறையை அடுத்த ஆண்டும் தொடரவும், பராமரிப்புக்கென வரவுசெலவில் தனித் தலைப்பு ஒதுக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. வரவுசெலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். அறிக்கையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்